ஒரு பக்கமாகத் தேய்ந்த கியர் ராடு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் கள்ளக்குறிச்சியில் சின்னதாக ஒரு தானியக் கடை வைத்திருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஜீப்பில் கல்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களில் சாமையும் தினையும் கடுக்காயும் வாங்கி வருவேன். ஜீப் பழசு. அதை ஓட்டிய டிரைவர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். நானோ நேர் எதிர். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் கியர் தொல்லை ஆரம்பித்தது. ராடு தொளதொளவென்று ஆடியது. இரண்டாவது கியரில் மலை இறங்கிக்கொண்டிருக்கும்போதே தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். ஒரு நாள் பின்னால் அத்தனை மூட்டைகளோடு, வளைவில் பிரேக்குக்கும் அடங்காமல் ஓடி, ஓரத்து மண்மேட்டில் இடித்துத்தான் வண்டி நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பயமெல்லாம் கோபமாகி டிரைவர்மேல் பாய்ந்தது. "கியர ஒடச்சி வெச்சிட்டியே!" என்று சந்தையில் நாலு பேர் முன்னால் கத்தினேன். "நான் தனியா ஓட்டியாரும்போது ஒண்ணும் இல்லக்கா. நீங்க ஏறுனாதான் இப்பிடி பண்ணுது" என்றார். வந்ததே எனக்கு ஆத்திரம்! அப்போ நான்தான் ராசி கெட்டவளா என்று கேட்டு, வண்டியைச் சரிபண்ணி முடித்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் அப்போது கைக்குழந்தை. இந்த வேலை போனால் குடும்பத்தை விட்டு எங்கேயோ எஸ்டேட் கூலிக்குத்தான் போகவேண்டும். தெரிந்தேதான் சொன்னேன்.

கள்ளக்குறிச்சியில் இரண்டு பேர் கியர்பாக்ஸையே இறக்கணும் என்றார்கள். கடைசியாக மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவருக்கு முப்பது வயசு இருக்கும். ஸ்பானரைத் தொடவே இல்லை. "யக்கா, மலைக்கு எப்பிடி போவீங்களோ அப்பிடியே ஏறி ஒக்காருங்க. நான் பின்னால வரேன்" என்றார். இதென்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே, வழக்கம்போல என் எடைக்கல் பையைக் கியர் ராடில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். வடக்கனந்தல் வரை போய்த் திரும்பினோம். வழியில் இரண்டு தடவை கியர் நழுவியது. அவர் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்ததோடு சரி.

திரும்பி வந்ததும் டிரைவரை டீ வாங்கிவர அனுப்பினார். அவர் தலை மறைந்த பிறகு, என் பையை இரண்டு கையாலும் எடுத்து சீட்டில் வைத்தார். மேல்மூடியைக் கழற்றி, கியர் ராடை உருவி, கிரீஸைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அதன் நடுவில் இருந்த உருண்டையும் அடி நுனியும் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தன. மறுபக்கம் புதுசு போல இருந்தது. "பாக்ஸுல ஒரு குத்தமும் இல்லக்கா. ஓட்றவரு கை பட்டு இப்பிடி தேயாது. இன்னாவோ ஒண்ணு ரொம்ப நாளா இத உங்க பக்கமாவே இழுத்துக்கினு இருந்திருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் கை துடைக்கப் போய்விட்டார்.

அட கடவுளே! தராசுக் கல் காலில் படக் கூடாது என்பது எங்கள் வீட்டு வியாபாரப் பழக்கம். அதனால் தரையில் வைக்கமாட்டேன். அந்த இரும்புக் கற்களையெல்லாம் பையில் போட்டு, கியர் ராடில் என் பக்கமாகத் தொங்கவிடுவேன். வளைவுக்கு வளைவு அது ஆடி ஆடி இழுத்திருக்கிறது. பையைப் பின்னால் வைக்கட்டுமா என்று டிரைவர் ஒரு தடவை கேட்டதும், என் தொழில் கல்லை மிதிக்கப் பார்க்கிறாயா என்று நான் சீறியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கூனிக்குறுகிப் போனேன். வேறு ஒருவராக இருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பார். இவர் டிரைவரை டீக்கு அனுப்பியதே என் மானத்தைக் காப்பாற்றத்தான். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு எனக்கு வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் டீயோடு வந்தார். ஷெட்டில் வேறு வண்டிக்காரர்களும் இருந்தார்கள். திட்டியது நாலு பேர் முன்னால் என்றால், இதுவும் நாலு பேர் முன்னால்தானே சொல்லவேண்டும்? ராடை அவர் கையில் கொடுத்து, "இத கெடுத்தது நான்தாம்ப்பா, என் கல்லுப் பைதான். சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். அவர் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீ ஆறிப்போவுதுக்கா, குடிங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மெக்கானிக் புது ராடும் ஸ்பிரிங்கும் போட்டார். ஒரு விரலால் தள்ளினாலே கியர் டக்கென்று விழுந்தது. பழைய ராடை அவர் தூக்கிப் போடவில்லை. சூடேற்றி வளைத்து, என் சீட்டுக்குப் பக்கத்துக் கம்பியில் கொக்கியாகப் பற்றவைத்துக் கொடுத்தார். "இனிமே கல்லு கால்ல படாது, போதுமா?" என்று முதல் தடவையாகச் சிரித்தார். என்ன மனுஷன்!

அந்த டிரைவர் ஜீப்பை விற்கும்வரை என்னோடுதான் இருந்தார். விற்கும்போது கொக்கியை மட்டும் அறுத்து வாங்கிக்கொண்டேன். கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. இப்போதும் யாரையாவது திட்ட வாயெடுத்தால் கண் தானாக அந்தப் பக்கம் போகிறது. முதலில் என் பை எங்கே தொங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.