ஏகாதசியன்று ஹாலில் எரிந்த புரொப்பேன் ஹீட்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், பெருமாளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம் வரும், வைத்துவிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். வந்த மாதிரி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் டெக்சஸில், காப்பெல் என்ற ஊரில் இருந்தோம். அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசியன்று விடியும்போதே ஐஸ் மழை. கரண்ட் போய்விட்டது. அடுப்பு முதல் ஹீட்டர் வரை எல்லாமே கரண்டில் ஓடுகிற வீடு. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. என் கணவர் பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அங்கிளிடம் போய், அவர் கார் நிறுத்துகிற கராஜில் வைத்திருந்த புரொப்பேன் கேஸ் ஹீட்டரை வாங்கி வந்தார். சிலிண்டர் தலையில் வட்டமாகச் சிவந்து எரிகிற ஜாதி.

"கராஜ் கதவைத் திறந்து வெச்சுத்தான் எரிப்பாராம்," என்றார்.

"கதவைத் திறந்தா அப்புறம் குளிர் எப்படிப் போகும்? நம்ம ஊர்ல கேஸ் அடுப்பு வீட்டுக்குள்ளதானே எரியுது?"

"அதானே!"

கேஸ் என்றால் எனக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றுதான், கசிந்தால் நாறும். மோந்து பார்த்தேன், நாறவில்லை. கதவிடுக்கில் துண்டு, ஜன்னல் ஓரமெல்லாம் அவருடைய பழைய வேட்டி என்று அடைத்தேன்.

எங்கள் இருவருக்கும் உபவாசம். எங்கள் குட்டி மகளுக்கு மட்டும் பிரெட்டும் ஜாமும் கொடுத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து நாமம் சொல்ல ஆரம்பித்தேன். மத்தியானத்துக்கு மேல் தலை கனத்தது, அவரிடம் சொன்னேன்.

"எனக்கும் வலிக்குது. காபி இல்லாததுதான்," என்றார்.

"வைகுண்டம் போனாலும் வாசல்லயே நின்னு காபி கேப்பீங்க."

அப்புறம் அந்த வலியும் எங்கோ தூரமாகப் போனது. உடம்பு லேசாகி, நாமம் தானாக ஓடியது. இத்தனை வருஷம் கும்பிட்டும் எனக்கு அப்படி வந்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. பெருமாள் பக்கத்தில் வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அம்மா, மை ஹெட் ஹர்ட்ஸ்," என்று சொல்லிக்கொண்டே மகள் வாந்தி எடுத்தாள்.

துடைக்கத் துணியை எடுத்தேன். கை சொன்னபடி கேட்கவில்லை. எங்களுக்குப் பட்டினி, சரி. சாப்பிட்ட குழந்தைக்கு எதற்குத் தலைவலி? அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன், அதற்கு மேல் புத்தி ஓடவில்லை.

"என்னங்க, இவ சாப்பிட்டாளே!"

"பட்டினிடி... அதான்," என்றார், கண்ணைத் திறக்காமலே.

கரண்ட் இல்லாவிட்டாலும் ஃபோன் வேலை செய்தது. வாந்திக்கு மாத்திரை இருக்குமா என்று கேட்கத்தான் அங்கிளைக் கூப்பிட்டேன். மூன்று பேருக்கும் தலைவலி என்றதும் அவர் குறுக்கே கேட்டார்.

"ஹீட்டர் எங்க பிள்ளை எரியுது?"

"ஹால்லதான் அங்கிள். ஜன்னலெல்லாம் நல்லா அடைச்சிருக்கோம்."

"ஐயோ! குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியில போங்கோ! இப்பவே! நான் ஆம்புலன்சுக்கு ஃபோன் அடிக்கிறன்."

என் கணவரைக் காலால் உதைத்துத்தான் எழுப்பினேன். தள்ளாடி வெளியே வந்தோம். மகள் என் தோளில் துவண்டு கிடந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. வாசல் ஐஸில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்சில் ஆக்சிஜன் வைத்து வெகுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்து அழுதாள்.

ஆம்புலன்சோடு வந்த தீயணைப்புக்காரர் சொன்னதை அங்கிள் தமிழில் சொன்னார். அடைத்த வீட்டில் அந்த ஹீட்டர் எரிந்தால் நிறமும் வாசனையும் இல்லாத ஒரு விஷவாயு சேருமாம். தலைவலி, வாந்தி, மயக்கம், அப்புறம் உயிரே போய்விடுமாம். அந்த ஜாதி ஹீட்டரை வெளியில் மட்டும்தான் எரிக்கலாம். வீட்டுக்குள் வைக்கலாம் என்று எழுதி விற்கிற ஹீட்டருக்கும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், அந்த வாயுவுக்கென்று இருக்கிற அலாரம் வேண்டும், தூங்கும்முன் அணைக்க வேண்டும்.

அன்று என் பக்கத்தில் வந்தது யார்? வாயுதான் என்றால் அந்தக் கண்ணீர் என்ன கணக்கு? பெருமாள்தான் என்றால் குழந்தை ஏன் துவண்டாள்? எங்களைக் காப்பாற்ற அவளை வாந்தி எடுக்க வைத்தது அவர்தானா? சந்நிதியில் நின்று கேட்கிறேன், இன்னும் தெளியவில்லை.

குளிர் ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அங்கிள் உருவத்தில் பெருமாள் வந்தார் என்று சேர்க்க வேண்டாம். உபவாசம்தான் கெடுத்தது என்று மாற்றவும் வேண்டாம். வேட்டியால் அடைத்த ஜன்னலையும், சாப்பிட்ட குழந்தையின் தலைவலியையும், எனக்கு இன்னும் புரியவில்லை என்பதையும் உள்ளபடியே சொல்லுங்கள்.