சலூன் பதிப்பு

எந்தப் பத்திரிகை யார் பக்கம் சாயும் என்பதை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடலாம் என்று முடிதிருத்துகிறவருக்கு ஒரு நினைப்பு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகு, முகத்தில் நுரை ஊறும் நேரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவது அவர்தான். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். நல்ல குரலுக்குக் கிடைத்த பட்டம் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

ஒருநாள், எதிர் வரிசையில் பேக்கரி வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தொங்கிய முகத்தோடு வந்து நின்றான்.

"மாமா, என் கடையில எலி ஓடுதுன்னு பேப்பர்ல போட்டுட்டானாம். சுட்ட ரொட்டி சுட்டபடியே கிடக்கு. இப்படியே போனா கடையப் பூட்ட வேண்டியதுதான்."

ரேடியோவுக்கு ரத்தம் கொதித்தது. "அந்தப் பத்திரிகைக்காரன் கவுன்சிலர் ஆளுன்னு நான் அன்னைக்கே சொல்லல? கவுன்சிலரோட மருமகன் பேக்கரி தொறக்கப் போறான்ல. விடு, நான் பாத்துக்கிறேன்."

தோளில் கிடந்த துண்டோடு பத்திரிகை ஆபீசுக்குப் படியேறினார். மாடியில் ஒற்றை அறை. பல்வலியால் கன்னம் வீங்கிய ஆசிரியர் மட்டும் இருந்தார்.

"எலிய நீ கண்ணால பாத்தியா? கை நனைச்ச இடத்துக்கு வாலாட்டுறதுக்குப் பேரு பத்திரிகையா?"

ஆசிரியர் வாயைத் திறக்கச் சிரமப்பட்டு, அந்த இதழை நீட்டினார். "படிங்கண்ணே. நீங்க நல்லாப் படிப்பீங்களாமே."

'உணவுக் கடைகளில் சுகாதார அதிகாரிகள் ஆய்வு. குறை ஏதும் இல்லை.' அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சிமெண்ட் விளம்பரம்.

"எலி எங்கண்ணே?" என்றார் ஆசிரியர்.

எங்கிருந்து வந்தது என்று ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று சலூனில் படித்துக் காட்டியபோது இந்தச் செய்தி உப்புச் சப்பில்லாமல் இருந்தது. "எலி கிலி ஓடாமலா ஆய்வுக்கு வருவாங்க?" என்று படிக்கிற அதே குரலில் ஒரு சிட்டிகை தூவிவிட்டார். நாற்காலியில் நுரை முகத்தோடு கண்ணை மூடிக் கிடந்த தபால்காரருக்கு அச்சு எது, நாக்கு எது என்று எப்படித் தெரியும்? ஊரெல்லாம் பத்திரிகைக்கு மார்க் போட்ட பெரிய மனிதர், தன் வாய்க்கு மட்டும் முழு மார்க் போட்டு வைத்திருந்தார்.

மச்சானிடம் மென்று விழுங்கிச் சொன்னார். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, "அக்காகிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்குச் சோறு கிடைக்காது," என்றான்.

மறுநாள் தபால்காரர் வந்ததும் ரேடியோ அந்தச் செய்தியை உள்ளது உள்ளபடி படித்தார்.

"மச்சான் கடைன்னதும் மாத்திப் படிக்கிறியாக்கும்?"

"நம்பிக்கை இல்லேன்னா நீயே படி."

தபால்காரர் நுரை முகத்தில் கண்ணாடியை மாட்டி, விரல் வைத்துப் படித்தார். "அப்ப எலி?"

"நான் விட்டதுதான்."

"அடப்பாவி, எதிர்க்க இருக்கிற பேக்கரியிலதான் எலின்னு வீடு வீடா நான்ல சொன்னேன்."

"அதான் உன்கிட்ட சொல்றேன். போறப்போ எதிர்க்கடையில ரொட்டி வாங்கி, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி தின்னுக்கிட்டே போ. காசு நான் தர்றேன்."

"காசு வாங்கிட்டுத் தின்னா அதுக்குப் பேரு என்ன?"

ரேடியோ கத்தியை எடுத்துத் தீட்டினார். சவரம் முடிந்ததும் தபால்காரர் சொந்தக் காசில் வாங்கித்தான் தின்றார். ஆனால் தெருமுனை வரை எலியின் கதையையும், அதைப் பெற்றவர் கதையையும் சொல்லிக்கொண்டே போனார்.