நெருப்பை இழுத்த பிறகு ஏழு நிமிடம்

1. கையெழுத்துப் போடாத அறிக்கை

இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், தேயிலை காயவைக்கும் ட்ரையரின் அடுப்புக் குழாய் மூன்றாம் முறையாக வெடிப்பு விட்டிருந்தது. வெடிப்பு வழியே புகை நுழைந்தால் தூளில் புகைவாடை ஏறிவிடும். தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர், அடுப்பு பார்க்கும் ராமையாவைக் குற்றம் சொன்னார்.

“கண்ட மாதிரி வெறக அள்ளிப் போடுறான். இஞ்சினியர் ரிப்போட் வரட்டும், ஆள நிப்பாட்டிருவோம்.”

அந்த இஞ்சினியர் நான். 2000களின் தொடக்கம். குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் ஃபைனைட் எலிமென்ட் கணக்குகள் இரண்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பற்றவைத்ததிலிருந்து முழுச்சூடு ஏறும்வரை குழாயின் ஒவ்வொரு இடத்து வெப்பநிலையையும் நேரவாரிப் பதிவுகளாக முதல் கணக்கு சொன்னது. அதன் கடைசிப் பதிவை மட்டும் எடுத்து இரண்டாவது கணக்குக்குக் கொடுத்தேன். அந்தச் சூட்டால் குழாயின் இரும்புக்குள் எழும் இழுவிசையை, அதாவது தகைவை, அது சொன்னது. தகைவு, இரும்பு தாங்கும் எல்லைக்கு வெகு கீழே இருந்தது. வழக்கமான சூட்டில் குழாய் வெடிக்காது, அளவுமீறி எரித்திருக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினேன்.

2. ராமையா சொன்னது

கையெழுத்துப் போடுமுன் ஓர் அளவைச் சரிபார்க்கத் தொழிற்சாலைக்குப் போனேன். ராமையா பக்கத்தில் வந்து நின்றார்.

“எரியிறப்ப குழா பூனக்குட்டி மாதிரி கெடக்குங்கய்யா. நெருப்ப இழுத்துப் போட்டு காத்தாடிய ஓடவிடுறோம்ல, அப்பறந்தான் டக்குன்னு சத்தம் வரும்.”

“நெருப்பை எடுத்த பிறகு காத்தாடி எதுக்கு?”

“சீக்கிரம் ஆறணும்ல. ட்ரையர் கூட்டுற பொம்பளைங்க வெளக்குமாத்தோட நிப்பாங்க. டீமேக்கரய்யா உத்தரவு. கேட்டா, ‘நீ அடுப்பப் பாரு, காத்தாடிய நான் பாத்துக்கிறேன்’ம்பாரு.”

திரும்பிப் போய் முதல் கணக்கைக் குழாய் ஆறும்வரை நீட்டினேன். இம்முறை எல்லா நேரத்துப் பதிவுகளையும் வரிசையாக இரண்டாவது கணக்குக்குக் கொடுத்தேன். காலையில் தொடங்கியது மாலையில் முடிந்தது. மெல்லிய குழாய் வேகமாக ஆறிச் சுருங்கியது. அதைப் பிடித்திருந்த கனத்த தகடு சூடாகவே இருந்தது. ஏழாவது நிமிடத்தில் வெல்டிங் ஓரத்தில் தகைவு எல்லையைத் தாண்டியது. மூன்று முறையும் வெடித்தது அதே இடம்.

3. கடிகாரத்தோடு

மறுநாள் முற்பகல் டீமேக்கரையும் கூட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றேன். ஏழாவது நிமிடத்தில் சத்தம் வரும் என்று கம்ப்யூட்டர் சொல்வதை இருவரிடமும் முன்கூட்டியே சொன்னேன். ராமையா நெருப்பை இழுத்தார். காற்றாடி ஓடியது. ஆறு நிமிடம் ஐம்பது விநாடியில் மூன்றாம் வெடிப்புக்குப் பிறகு ஒட்டுப்போட்டிருந்த அதே குழாயிலிருந்து ‘டக்’ என்றது. இருபது மைலுக்கு அப்பால் ஒரு மேசையில் போட்ட கணக்கு இந்த இரும்புக்குள் நடப்பதைச் சொல்லியிருந்தது. என் கை கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

“அந்தப் பொட்டி அடுப்பையே பாத்ததில்லயே. எப்பிடிங்கய்யா?” என்றார் ராமையா.

டீமேக்கர் தானே போய்க் காற்றாடியை நிறுத்தினார். “இனிமே தானா ஆறட்டும். பொம்பளைங்கள ஒரு மணிக்கு வரச் சொல்லு, ராமையா.”

ஒரு கணக்கின் முடிவை அடுத்த கணக்குக்குக் கொடுப்பவர்கள் கடைசிப் பதிவோடு நின்றுவிடக் கூடாது. முதலில் எழுதிய அறிக்கையை அன்றே கிழித்தேன். அதில் கணக்குப் பிழை ஒன்றுகூட இருக்கவில்லை. ஒருவரின் வேலையைப் பறிக்க அதுவே போதுமாக இருந்திருக்கும்.