நைலக்ஸ் சேலையில் தைத்த உடை

குளவி கொட்டினால் என் உடம்புக்கு ஆகாது. கல்லல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒருமுறை கொட்டி, முகம் வீங்கி, மூச்சே நின்றுவிடும் போலாகிவிட்டது. அப்படிப்பட்ட நான் கடலில் முங்கும் வேலைக்குப் போனேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தேன். உப்புத்தண்ணீர் இரும்பை எப்படி அரிக்கிறது என்று பார்க்க, இராமநாதபுரம் பக்கத்துக் கடலில் ஒரு படகுத்துறையின் அடியில் தகடுகளைத் தொங்கவிட்டிருந்தோம். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி அவற்றைப் பார்த்துவர எனக்கும் ஒரு சிநேகிதருக்கும் பயிற்சி தந்தார்கள். அவர் என்னைவிடச் சற்று மூத்தவர்.

கோடையில் கடல் வெதுவெதுப்பாகக் கிடக்கும். அப்போதுதான் சொறிமீன்கள், இழை பட்டாலே தோல் எரியும் ஜெல்லிமீன்கள், கூட்டமாக மிதந்து வரும். சிநேகிதர் அரைக்கால் சட்டையோடு இறங்குவார். மேலே பட்டால் துடைத்துவிட்டுச் சிரிப்பார். எனக்கு மணிக்கட்டில் லேசாகப் பட்டதற்கே முழங்கை வரை தடித்துவிட்டது.

“வேற வேலை கேக்கக் கூடாதா?” என்றாள் என் மனைவி.

“மீனுக்குப் பயந்துக்கிட்டு வந்துட்டேன்னு சொல்லச் சொல்றியா?”

அவள் பெட்டியிலிருந்து ரோஜாப்பூப் போட்ட நைலக்ஸ் சேலையை எடுத்து, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும்படி ஓர் உடை தைத்துக் கொடுத்தாள். ரப்பர் உடையெல்லாம் அப்போது எங்களுக்குக் கிடைக்காது.

துறையில் கருவாடு காயவைக்கும் பெண்கள் அதைப் பார்த்த அன்று வேலையை நிறுத்திவிட்டார்கள். “இங்குட்டு வந்து பாருங்கடி, சேலையோட முங்குறாக” என்று ஒருத்தி கூப்பிட்டாள். என் காது சுட்டது. அதன் பிறகு தண்ணீருக்குள் போகும்வரை மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்வேன்.

அந்த உடை உடம்பைக் காத்தது. ஆனால் ஒருநாள், தகட்டின் பக்கம் நான் திரும்பியபோது, ஒரு சொறிமீனின் இழை உதட்டில் உரசிவிட்டது. உதடு வீங்கி, வாயில் கடித்திருந்த காற்றுக்குழாய் நழுவியது. சிநேகிதர்தான் என்னை இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

துறைப் பலகையில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தேன். அவர் கத்தியால் உடையைக் கழுத்திலிருந்து கீழே வரை கிழித்தார். ரோஜாப்பூத் துணி இரண்டு பக்கமும் விரிந்து கிடக்க, கோவணத்தோடு நடுவில் நான். அதே பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் தலைத்துண்டை எடுத்து என் இடுப்பில் போர்த்தினாள். அவர்கள் சிரித்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் வந்த மனைவி, கிழிந்த துணியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

“கழுத்த இன்னும் ஒசத்தித் தச்சிருக்கணும். நாந்தான் பாக்காம விட்டுட்டேன்.”

உதட்டில்தான் பட்டது என்று சொல்ல, வீக்கத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை. உதட்டைத் தொட்டுக் காட்டினேன். தாகமாக்கும் என்று டம்ளரை எடுத்துவந்து புகட்டினாள். பிறகு பலமுறை சொன்னேன். சரி என்று தலையாட்டினாளே தவிர, அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

என்னை முங்குவதிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் கொண்டுவரும் தகடுகளை எடைபோடும் மேசையில் உட்கார்ந்தேன். சிநேகிதர் வந்தால் குனிந்துகொள்வேன். உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பலகையில் கிடந்ததைப் பேச வேண்டிவரும்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார்.

“தங்கச்சி, எனக்கும் அதே மாதிரி ஒண்ணு தச்சுத் தருவீகளா?” என்று என் மனைவியிடம் கேட்டார்.

அவள் உள்ளே போய் ஒரு கருநீலச் சேலையைக் கொண்டுவந்தாள். அந்நிய ஆணை அவள் அளக்க முடியாது. அளவுநாடாவை என்னிடம் நீட்டினாள். “நீங்க அளந்து சொல்லுங்க.”

தோள், மார்பு, இடுப்பு என்று சொல்லிக்கொண்டே வந்து, காலை அளக்கக் குத்தவைத்தேன். அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை சாட்டையால் அடித்ததுபோலக் கருந்தழும்புகள். அவர் சிரித்துத் துடைத்துவிட்டதெல்லாம் இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நாடாவைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

“என்ன மாப்ளே, அளவச் சொல்லு” என்றார். “தங்கச்சி காத்துக்கிட்டு நிக்கிறாக.”