ஒரு குடம் நல்ல தண்ணீர்

ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்க்கிறார் மரியராஜ். "ஏலே, மேட்டுக் கெணத்துத் தண்ணியவா ஊத்துன? உப்பளமா நடத்துற?" என்று டிரைவர் உக்கிரபாண்டியை அதட்டுகிறார். அருப்புக்கோட்டையில் எந்தக் கிணறு எவ்வளவு கரிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

பஸ் மெக்கானிக்காகப் பதினெட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் சட்டைப்பையில் ஒரு ஸ்பானர் இருக்கும். கேட்டால், "பாதிப் பூசையில பஸ்ஸு நின்னுபோச்சுன்னு ஆள் வந்தா?" என்பார். அப்படி இதுவரை யாரும் வந்ததில்லை.

போன மாதம் அந்த நாக்கே அவரை ஏமாற்றியது. முதலாளி காசிராஜனின் திருச்சுழி பஸ்ஸில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட, மரியராஜ்தான் வேறு ஹெட் பொருத்தினார். மறுநாளே பாதி வழியில் தண்ணீர் கொதித்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புத் தண்ணி செஞ்ச வேல" என்றார். பருப்பு வேகாவிட்டாலும் முடி கொட்டினாலும் உப்புத் தண்ணீரைத் திட்டுகிற ஊர் இது, எல்லாரும் ஒப்புக்கொண்டோம். ஷெட்டுக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருக்கும் பேச்சி, இரண்டு மைல் நடந்து சுமந்து வந்த நல்ல தண்ணீரை அடுத்த நடைக்கு ஒரு குடம் கொடுத்தாள். மூன்றாவது மைலில் அதுவும் கொதித்தது. நடந்தே ஊர் திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

"நாளைக்கும் கொதிச்சா வேற ஆளப் பாத்துக்கிருவேன், மரியராசு" என்றார் முதலாளி.

அன்று மாலை, பஸ்ஸை இழுத்து வந்து போட்டிருந்த ஷெட்டில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மரியராஜ் நாக்கை விட்டுவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார். எஞ்சின் தீயாய்ச் சுட்டது. ரேடியேட்டரின் அடியோ குளிர்ந்து கிடந்தது. "தண்ணி ஓடவே இல்லயே!" என்று ஹெட்டைக் கழற்றினார். அதற்கு அடியில் வைக்கும் பேக்கிங் முன்பின் மாறி உட்கார்ந்து, தண்ணீர் ஏறும் துளைகளில் பாதியை அடைத்திருந்தது. நேரே முதலாளி முன்னால் போய் நின்றார்.

"தண்ணி மேல பழியப் போட்டுட்டேன் மொதலாளி. தப்பு ஏங் கையில."

கூட நின்று மாட்டிய கிளீனர் பையன் தலையில் பழியைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

முதலாளி, "சரிய்யா, மாட்டு. காலையில தெரிஞ்சுபோகும்" என்றார். உலக யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகியும் புதுப் பேக்கிங் கிடைக்கவில்லை. பழையதையே துடைத்து, நேராக வைத்து முடுக்கினார் மரியராஜ்.

காலையில் பேச்சி இன்னொரு குடம் கொண்டுவந்தாள். "கொதிச்சா ஊத்துங்கண்ணே." அதை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார் மரியராஜ். திருச்சுழி வரை போய்த் திரும்பினோம். பஸ் எங்கும் நிற்கவில்லை, கொதிக்கவில்லை.

ஷெட் வாசலில் காத்திருந்த முதலாளி, குடம் அப்படியே தளும்புவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மரியராஜ் அங்கே போகவில்லை. சாலையைக் கடந்து, குடத்து நீரைப் பேச்சியின் பானையில் ஊற்றினார். விளிம்பில் நின்ற கடைசிச் சொட்டையும் விரலால் வழித்துப் பானைக்குள் விட்டார். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.