தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு

ஆய்வகத்தில் எல்லாரும் அவனைக் கரி என்றுதான் கூப்பிட்டார்கள். நிறத்துக்காக அல்ல, வேலைக்காக. மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தராத தகடுகளைப் பதினேழு வருடமாகச் செய்துகொண்டிருந்தான். கண்ணாடித் துண்டின்மேல் வெள்ளி, அதன்மேல் ஒளி ஊடுருவும் படலம், அதற்கும் மேலே ஊதினால் போய்விடும்போல ஓர் உலோகப் பூச்சு. கனம் இவ்வளவு என்று வடிவமைத்துத் தருவது ஆய்வகத் தலைவியான மேடம். காற்றை உறிஞ்சிய கலத்துக்குள் வைத்துப் பூசுவது அவன். தலைமுடியின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் வெளிச்சம் திரும்பி வந்துவிடும்.

பதினேழு வருடமும் தற்காலிகம். இந்தத் தகடு தொண்ணூற்றொன்பது சதவீத வெளிச்சத்தை விழுங்கினால் அவனை நிரந்தரமாக்கச் சொல்வதாக மேடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு வந்தது.

“கரியண்ணே, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்!”

“காப்பு வேணாம் மேடம். ஆர்டர் போடுங்க, போதும்.”

அடுத்த வாரம் கையெழுத்தாகும் என்றார்கள்.

மறுநாள் தகட்டைப் பெட்டியில் வைக்கும்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். பழக்கதோஷம். கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய தகட்டில் பால் தெளித்த மாதிரி ஒரு வெளுப்பு. தகட்டில் பட்ட வெளிச்சம் நேராகத் திரும்பும் இடத்தை மட்டும்தான் அளவுக் கருவி பார்க்கும். இங்கே வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி ஓடியிருந்தது. கருவி அதையும் விழுங்கிய கணக்கில் சேர்த்துவிட்டது.

காரணமும் தெரியும். தகட்டை முந்நூறு டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னது மேடம். “வெள்ளி முத்துமுத்தாத் திரண்டுக்கும் மேடம்” என்று அப்போதே சொன்னான். “யோசிக்கிறத நான் பாத்துக்கறேன், நீங்க அடுப்பப் பாருங்கண்ணே.” எப்போதும் இப்படித்தான். உத்தரவு வாயால் வரும். பதிவேட்டில் கையெழுத்து அவனுடையது.

ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டான். நேர்மை என்று சொல்ல முடியாது. அந்த வெளுப்பைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

சிதறும் வெளிச்சத்தையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் வெள்ளைக் குடுவைக்குள் வைத்து அளந்தார்கள். அறுபத்தொன்று.

முடிவுகளைப் பரிசீலிக்கும் குழுவின் முன்னால், தனக்குச் சந்தேகம் வந்து மறுபடி அளந்ததாக மேடம் சொன்னார். அவருடைய நேர்மையை எல்லாரும் பாராட்டினார்கள். பிழைக்குக் காரணம் என்ற இடத்தில் ‘சூடாக்கியவரின் கவனக்குறைவு’ என்று எழுதப்பட்டது. அத்தாட்சி, பதிவேடு. அவனுடைய ஆர்டர் கையெழுத்தாகாமலே நின்றுபோனது.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. யார் பேரையாவது போட்டாகணுமே.”

“உங்க பேருக்கு என்ன மேடம் குறைச்சல்?”

அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். “ஒரு வாரம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?”

“அது கறுப்பே இல்ல.”

“பூசினது நீங்க. கையெழுத்துப் போட்டது நீங்க. தப்புன்னு கண்டுபிடிச்சதும் நீங்க. இப்படி ஒரு ஆள எவன் நிரந்தரமா வச்சுப்பான்?”

அவள் கேட்டது நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது.