எஞ்சினியரின் கழுத்து டை

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நான்காம் வகுப்புவரைதான் படித்தவன். பம்பாயில் தினமும் தாராவியிலிருந்து செம்பூருக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் எந்திரத்தை ஓட்டுகிறேன். புதிதாகச் சேரும் எஞ்சினியர்களுக்கு லேத் வேலை கற்றுத் தருவதும் என் பொறுப்பு.

சென்ற ஆண்டு, மாட்டுங்காவிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவர் கழுத்தில் டையோடு லேத்தின் முன் நின்றார். அதைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். பட்டம் பெற்றவரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு நின்றுவிட்டேன். அவர் குனிந்ததும், சுழலும் இரும்புத் தண்டில் டையின் நுனி சிக்கி அவர் தலையை இழுத்தது. நான் பாய்ந்து லேத்தை நிறுத்தினேன். அவர் மூக்குக்கும் தண்டுக்கும் நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது.

டையை அறுத்து அவரை விடுவித்ததும், “ஏன் மாஸ்டர், முன்னாடியே சொல்லப்படாதா?” என்றார்.

“நீங்க படிச்சவுக சார். நான் நாலாப்பு. எப்படிச் சொல்ல?”

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே, “லேத்துக்கு என் டிகிரி தெரியலையே” என்றார்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் டை, கடிகாரம், மோதிரம் மூன்றையும் முதலில் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறேன். போன வாரம் மேனேஜரிடமே டப்பாவை நீட்டினேன். “டையை இதுல போடுங்க சார்” என்று கேட்டேவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

எழுதி முடித்த நாள்: 8-5-1966, ஞாயிறு.